பல்கலைக்கழக அணுசக்தி ஆராய்ச்சிக்கு அரசாங்கப் பணம்: சுங்கை சிப்புட்டிலிருந்து நாம் என்ன சொல்வது?

கமுனிங்_செல்வம் | சனி, இரவு 9:12

அன்பர்களுக்கு வணக்கம். அமெரிக்க எரிசக்தி அமைச்சு தன் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் நடக்கும் அணுசக்தி ஆராய்ச்சிக்கு எப்படிப் பணம் ஒதுக்கலாம் என்று பொதுவில் கருத்துக் கேட்டது. அங்கே 2009 முதல் இதற்கென்றே ஒரு திட்டம் ஓடுகிறது. அணுசக்தி ஆராய்ச்சிக்கான பணத்தில் 20 விழுக்காடு வரை பல்கலைக்கழகங்களுக்குப் போகிறது. பேராசிரியர்கள் திட்டம் எழுதிப் போட்டியிட வேண்டும், துறை அறிந்தவர்கள் படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். மாணவர்களுக்கு உபகாரச் சம்பளம் உண்டு. பல்கலைக்கழகங்களில் உள்ள சிறிய ஆய்வு உலைகளுக்குக் கருவி வாங்கவும் ஒதுக்கீடு உண்டு.

மலேசியாவில், பேராக் மாநிலத்து நம் சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்துகொண்டு இதை ஏன் பேச வேண்டும்? 13-ஆவது மலேசியத் திட்டத்தில் அணுசக்தி பெயர் சொல்லியே வந்துவிட்டது. 2025 ஜூலையில் அமெரிக்காவோடு அமைதிவழி அணுசக்திக்கான புரிந்துணர்வு ஒப்பந்தமும் கையெழுத்தாகிவிட்டது. மின் நிலையம் எழும்புகிறதோ இல்லையோ, அதற்கு முன்னால் பல ஆண்டுகள் பணம் போகப்போகும் இடம் பல்கலைக்கழகம்தான். ஆள் தயார் செய்ய வேண்டும் அல்லவா?

நம்மைக் கேட்பார்களா என்பது வேறு. வரைவுச் சட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துச் சொல்ல மலேசிய உற்பத்தித்திறன் கழகம் ஓர் இணையத்தளம் நடத்துகிறது. நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையம் இருக்கிறது. அமைச்சுக்கு நேராகக் கடிதம் போடலாம். கேட்கும்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்கிறேன். பணம் கொடுக்கட்டும். ஆனால் உலை கட்டுகிற அறிவுக்குக் கொடுக்கும் முன், அளக்கிற அறிவுக்குக் கொடுக்க வேண்டும். மண்ணில், தண்ணீரில், உடம்பில் என்ன இருக்கிறது என்று அளந்து சொல்லக்கூடிய ஆட்களும் கருவிகளும் பேராக்கிலேயே இருக்க வேண்டும். நாம் கூப்பிட்டால் அவர்கள் வர வேண்டும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

---

எல்பில்_மாரிமுத்து | சனி, இரவு 9:40

செல்வம் அண்ணே, மரியாதையோடு சொல்றேன். முதலாளிங்க தோட்டத்தை வித்துட்டதால வீடு இல்லாம அலைஞ்ச குடும்பங்களை நீங்களும் பார்த்தீங்க, நானும் பார்த்தேன். இன்னும் வீட்டு மனைப் பட்டா கேட்டு நடக்குற ஆளுங்க இருக்காங்க. மழை பெய்ஞ்சா தமிழ்ப்பள்ளியில ஒழுகுற கூரை இருக்கு. இதையெல்லாம் விட்டுட்டு அணு ஆராய்ச்சிக்குக் காசு கொடுன்னு நாம எழுதிக் கொடுக்கணுமா? என் ஓட்டு வேண்டாம் பக்கம்.

---

பூசிங்_லெட்சுமி | சனி, இரவு 10:25

நான் சுங்கை சிப்புட்காரி இல்லை. வாக்கப்பட்டு வந்தவள். பிறந்தது பூசிங் பக்கம், புக்கிட் மேராவுக்கு அருகில். அதனால் இதில் எனக்குப் பேச உரிமை இருக்கிறது.

இளையவர்களுக்காகச் சொல்கிறேன். ஈப்போவுக்குப் பக்கத்தில் புக்கிட் மேராவில் 1982-இல் ஏஷியன் ரேர் எர்த் ஆலை ஓடத் தொடங்கியது. ஈயம் தோண்டியபின் மிஞ்சுகிற அமாங் மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கும். அதிலிருந்து அருமண் உலோகங்களைப் பிரித்தெடுத்தார்கள். மோனசைட்டில் கதிரியக்கம் உள்ள தோரியம் உண்டு. உலோகம் ஏற்றுமதியானது, தோரியக் கழிவு இங்கேயே தங்கியது. முதலில் பாரிட்டில் புதைக்கப் பார்த்தார்கள், பிறகு பாப்பானில். பாப்பான் மக்கள் 1984-இல் திரண்டு மறித்தார்கள். நம் ஆட்களும் சீனர்களும் மலாய்க்காரர்களும் ஒன்றாக நின்ற போராட்டம் அது.

அந்த நேரத்தில் "கதிர்வீச்சு எவ்வளவு?" என்று கேட்டபோது மக்கள் பக்கம் நின்று அளந்து சொல்ல இங்கே எத்தனை பேர் இருந்தார்கள்? ஜப்பானிலிருந்து சடாவோ இச்சிகாவா என்ற மரபியல் பேராசிரியர் வந்து அளந்தார். கனடாவிலிருந்து ரோசலி பெர்டெல் வந்தார். வெளிநாட்டுக்காரர்கள் வந்து நம் மண்ணில் கருவி வைத்துச் சொன்ன பிறகுதான் பேச்சுக்கு எடை வந்தது.

1985-இல் எட்டுப் பேர் ஊர் மக்கள் சார்பில் வழக்குப் போட்டார்கள். 1987-இல் விசாரணை தொடங்கியது. 1992 ஜூலையில் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூடச் சொல்லித் தீர்ப்பளித்தது. 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. ஆலைத் தரப்பு நிபுணர்கள் சொன்னதைத்தான் எடுத்துக்கொண்டார்கள். குறை இருந்தால் அணுசக்தி உரிம வாரியத்திடம் போய் உரிமத்தை ரத்து செய்யச் சொல்லியிருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். உரிமம் கொடுத்ததே அந்த வாரியம்தான். கடைசியில் 1994-இல் கம்பெனியே ஆலையை மூடியது. துப்புரவு வேலை அதன் பிறகு பல ஆண்டுகள் நடந்தது.

எனவே செல்வம் அண்ணன் சொல்கிற அளக்கும் அறிவு எனக்கும் வேண்டும். ஆனால் அதை யார் சம்பளத்தில் அளப்பது என்பதைத் தீர்க்காமல் எந்தக் கடிதத்திலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

---

கமுனிங்_செல்வம் | சனி, இரவு 10:41

நன்றி அக்கா. மாரிமுத்து, உன் கோபம் நியாயமானது. ஒன்றை மட்டும் நினைத்துப் பார். நாம் எழுதாவிட்டால் அந்தப் பணம் பள்ளிக்கூரைக்கு வராது. நம் பேச்சே இல்லாமல் வேறெங்கோ போகும், அவ்வளவுதான்.

---

பாங்கி_தம்பி | ஞாயிறு, காலை 7:55

நான் சுங்கை சிப்புட் மகாத்மா காந்தி கலாசாலையில் படித்தவன். இப்போது பாங்கி பக்கம் கதிர்வீச்சு அளவீட்டில் மேற்படிப்பு. இந்த இழையைப் பார்த்ததும் தூக்கம் போய்விட்டது. பணம் எங்கே போகிறது என்று உள்ளிருந்து சொல்கிறேன், அதற்குப் பிறகு நீங்கள் முடிவு செய்யுங்கள்.

முதலில் பலருக்கும் தெரியாத செய்தி: மலேசியாவில் ஏற்கெனவே ஓர் அணு உலை இருக்கிறது. பாங்கியில் மலேசிய அணுசக்தி முகமையின் வளாகத்தில், ரியாக்டர் திரிகா புஸ்பாத்தி. 1982 ஜூன் 28-இல் முதன்முதலாக இயங்கியது. ஒரு மெகாவாட் வெப்பத்திறன் மட்டுமே, மின்சாரம் எடுப்பதில்லை. தண்ணீர்த் தொட்டிக்குள் உலை இருக்கும். எரிபொருள் சூடானால் அணுப்பிளவு தானாகவே குறையும்படி அமைந்த வகை. நியூட்ரான் எடுத்து மாதிரிகளைச் சோதிக்கவும் மாணவர்களுக்குப் பயிற்சி தரவும் பயன்படுகிறது. இதே திரிகா வகை உலைகள் பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இருக்கின்றன. ஓரிகன் மாநிலத்தில் ரீட் கல்லூரி என்று ஒன்று இருக்கிறது. அங்கே அணுப் பொறியியல் துறையே கிடையாது. இளங்கலை மாணவர்கள் தேர்வு எழுதி உரிமம் வாங்கி உலையை இயக்குகிறார்கள், இலக்கியம் படிக்கிற பிள்ளைகள்கூட. அங்கே இது நடக்கக் காரணம் பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் தொடர்ந்து பணம் வருவதுதான்.

இரண்டாவது, அளவீடு. லெட்சுமி அக்கா கேட்டதற்கு இது நேர் பதில். கையில் பிடிக்கிற கைகர் கருவியை வாங்கி மண்மேல் காட்டினால் 'டிக் டிக்' என்று சத்தம் வரும், ஓர் எண் வரும். அது தோரியமா யுரேனியமா பொட்டாசியமா என்று அந்தக் கருவி சொல்லாது. சரியாகச் சொல்ல வேண்டுமானால் மண்ணை எடுத்து வந்து காயவைத்து, பொடித்து, சலித்து, டப்பாவில் காற்றுப் புகாமல் அடைத்து மூன்று நான்கு வாரம் வைக்க வேண்டும். உள்ளே உருவாகும் ரேடான் வாயுவும் அதிலிருந்து பிறக்கும் தனிமங்களும் ஒரு சமநிலைக்கு வர அவ்வளவு காலம் பிடிக்கும். அதன்பிறகு உயர்தூய ஜெர்மேனியக் கருவியில் வைத்து மணிக்கணக்கில் எண்ண வேண்டும். அந்தக் கருவியைத் திரவ நைட்ரஜன் ஊற்றி மைனஸ் 196 பாகைக்குப் பக்கத்தில் குளிர்ந்தபடியே வைத்திருக்க வேண்டும். நைட்ரஜன் நின்றால் வேலை நின்றது. அளவுத்திருத்தம் செய்யச் சான்று பெற்ற மூலப்பொருள் வாங்க வேண்டும், அதற்கும் ஆயுள் உண்டு. இவை எதுவும் செய்தித்தாளில் படம் வருகிற செலவு இல்லை. மானியம் முடிகிற ஆண்டில் முதலில் வெட்டு விழுவது இங்கேதான்.

நம் பேராக்கிலேயே அளக்க வேண்டியது நிறைய இருக்கிறது. யூடிஎம் (மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) ஆய்வாளர்கள் ஈப்போ இருக்கும் கிந்தா மாவட்டத்தின் இயற்கைக் கதிர்வீச்சை அளந்து கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். உலகச் சராசரியைவிட அங்கே அதிகம். ஆலையால் மட்டும் வந்தது அல்ல, கருங்கல் மலையும் ஈய மண்ணும் அப்படிப்பட்டவை. பழைய ஈயக் குட்டை ஓரத்து நிலம், அமாங் குவித்து வைத்திருந்த இடம், அங்கே காய்கறி போடுகிறவர்களின் கிணறு... முனைவர் பட்டத்துக்கான ஆராய்ச்சி எத்தனையோ அங்கே கிடக்கிறது.

மூன்றாவது, மாரிமுத்து அண்ணனுக்கு. அணு ஆராய்ச்சி என்றால் மின்சாரம் மட்டும் இல்லை. கையுறை செய்யும் பாலில் கந்தகத்தோடு சில வேதிப்பொருள்களைச் சேர்த்துத்தான் வலுவேற்றுவார்கள். அவற்றில் சில நைட்ரோசமைன் என்கிற, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள்களுக்கு வழிவிடும். அதற்குப் பதிலாக ரப்பர்ப் பாலைக் கதிர்வீச்சால் வலுவேற்றும் முறையைப் பாங்கியில் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். நம் தாத்தா பாட்டி மங்கில் பிடித்த அதே பால்தான். வறட்சி தாங்கும் என்எம்ஆர் 152 நெல்லும் காமாக் கதிர் கொண்டு உருவாக்கியதுதான்.

---

ஓய்வுபெற்ற_டிரசர் | ஞாயிறு, காலை 11:30

தம்பி எழுதியதைப் படித்து மகிழ்ச்சி. நம் பள்ளிப் பிள்ளை இப்படி எழுதுகிறது.

நான் தோட்ட மருந்தகங்களில் டிரசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, வேலை பார்த்தவன். எனக்குத் தெரிந்த பழைய கதை ஒன்று இந்த விவாதத்துக்குத் தேவைப்படும் என்று நினைக்கிறேன்.

ஆராய்ச்சிக்கு நாம் பணம் கொடுத்தது இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925-இல் உருவானது. அது நடந்தது எந்தப் பணத்தில்? ஏற்றுமதியான ரப்பருக்கு இவ்வளவு என்று பிடித்த செஸ் வரியில். காலை இருட்டில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போய், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரப்பட்டையை வெட்டிப் பால் எடுத்தவர்களின் உழைப்பு அது. அந்த ஆராய்ச்சி வீண்போகவில்லை. ஆர்ஆர்ஐஎம் 600 மரம் வந்தபோது பழைய விதைக்கன்று மரங்களைவிடப் பல மடங்கு பால் கொட்டியது. வெளிநாடுகளிலும் அதையே நட்டார்கள். மலேசியாவில் வெற்றிபெற்ற ஆராய்ச்சி எது என்று கேட்டால் நான் அதைத்தான் முதலில் சொல்வேன்.

ஆனால் அந்தக் கழகம் மரத்தைப் பற்றி ஆராய்ந்த அளவுக்கு, மரத்தடியில் நின்றவரைப் பற்றி யாராவது ஆராய்ந்தார்களா? பாராகுவாட் களைக்கொல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிக்காட்டு வேலையில் மருந்து அடித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். முதுகில் டின், கையில் உறை இல்லை, சில தோட்டங்களில் முகத்துக்குத் துணிகூடக் கொடுக்கவில்லை. நகம் கறுத்து உதிர்ந்து வருவார்கள், மூக்கில் ரத்தம் வடிந்து வருவார்கள். நான் நீலக்களிம்பும் பஞ்சும் கொடுத்து அனுப்புவேன். புத்தகத்தில் "தோல் நோய்" என்று எழுதச் சொல்வார்கள். அந்தப் பெண்கள் உடம்பில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ரத்தம் எடுத்துப் பார்க்க ஒரு பல்கலைக்கழகமும் என் மருந்தகத்துப் படி ஏறவில்லை. தடை 2002-இல் அறிவித்தார்கள், 2006-இல் தளர்த்தினார்கள், 2020 ஜனவரியில்தான் முழுதாக வந்தது. என்னிடம் வந்த பெண்களில் பலர் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அதனால் செல்வம் சொல்வதை நான் இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன். அணு ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் பணத்தில் மனித உடல்நலத்துக்கு ஒரு பங்கைச் சட்டம் போட்டு ஒதுக்க வேண்டும். வேலைக்குப் போகிறவர், ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர், இவர்களைத் தொடக்கத்திலிருந்தே பதிவு செய்து பத்து இருபது ஆண்டுகள் தொடர்ந்து பார்க்கும் ஆய்வு. ஆலை வந்தபிறகு தொடங்கினால் பயன் இல்லை. முன்பு எப்படி இருந்தது என்று தெரியாமல் பின்பு என்ன ஆனது என்று எப்படிச் சொல்வது?

---

எல்பில்_மாரிமுத்து | ஞாயிறு, மதியம் 1:05

டிரசர் ஐயா, என் அம்மா மருந்து அடிச்சவங்க. இதுக்கு மேல நான் எழுத முடியல. அப்புறம் வர்றேன்.

---

கோலகங்சார்_ஆசிரியை | ஞாயிறு, மாலை 4:20

இடைநிலைப்பள்ளியில் பௌதிகம் கற்பிக்கிறேன். எல்லாரும் பணம், கருவி, கழிவு என்று பேசுகிறீர்கள். நான் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறேன்.

படிவம் நான்கில் அறிவியல் பிரிவை எடுக்க வைப்பதே இப்போது பெரும் பாடு. கெட்டிக்காரப் பிள்ளைகூட "டீச்சர், பௌதிகம் கஷ்டம், கணக்கியல் எடுக்கிறேன்" என்கிறது. அதையும் தாண்டி ஆறாம் படிவத்தில் எஸ்டிபிஎம் தேர்வு முடித்து நல்ல புள்ளி எடுத்தால், வீட்டில் எல்லாருக்கும் ஒரே கனவு, மருத்துவம். கிடைக்காவிட்டால் கடன் வாங்கியாவது வெளிநாட்டில் மருத்துவம். யூகேஎம் பல்கலைக்கழகத்தில் அணு அறிவியல் இருக்கிறது, யூடிஎம்மில் அணுப் பொறியியல் இருக்கிறது, யூனிட்டென்னிலும் இந்தத் துறையில் ஆராய்ச்சி நடக்கிறது என்று சொன்னால் பெற்றோர் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். "பிள்ளைக்குக் குழந்தை பிறக்குமா டீச்சர்?" என்று ஓர் அம்மா கேட்டார். அந்தப் பயத்தை நான் குறைசொல்ல மாட்டேன். புக்கிட் மேரா கதையைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. அவருக்குப் பதில் சொல்ல எனக்கே சரியான தரவு கையில் இல்லையே என்பதுதான் வருத்தம்.

மருத்துவக் கதிர்வீச்சுத் துறைக்கே எவ்வளவு ஆள் வேண்டும் தெரியுமா? தைராய்டு புற்றுநோய்க்கு ஐயோடின் 131 கொடுக்கிறார்கள். அதன் அரை ஆயுள் (கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம்) எட்டு நாள், அதனால் நோயாளியைத் தனி அறையில் வைத்து, உடலிலிருந்து வரும் கதிர் குறைந்ததும்தான் வீட்டுக்கு விடுவார்கள். எலும்பு, இதயப் படங்களுக்கு டெக்னீஷியம் 99எம் என்ற கதிரியக்கப் பொருள் வேண்டும். அது ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும், இருப்பு வைக்க முடியாது. அதைத் தரும் மூலப்பொருள் வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வருகிறது. விமானம் தாமதமானால் நோயாளிக்குத் தேதி தள்ளிப்போகும். இதையெல்லாம் புரிந்து செய்ய மருத்துவப் பௌதிகவியலாளர் வேண்டும். என் மாணவர்களில் ஒருவராவது அப்படி வர வேண்டும் என்பது என் ஆசை.

கடிதத்தில் உபகாரச் சம்பளம் பற்றி ஒரு வரி வர வேண்டும். பிடிபிடிஎன் என்ற அரசு உயர்கல்விக் கடன் வேண்டாம், உபகாரச் சம்பளம். அதுவும் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபின் வேண்டாம். படிவம் நான்கிலேயே, தோட்டப்புறப் பள்ளிகளில் தேர்ந்தெடுத்து, விடுமுறையில் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப்போய்க் காட்டி, அங்கிருந்தே கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டும்.

---

ஜொகூர்_பாலன் | ஞாயிறு, இரவு 8:48

ஆசிரியை அவர்களுக்கு: பிள்ளைகளைச் சேர்ப்பதற்கு முன் என் கதையையும் கேளுங்கள்.

நான் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் அணுப் பொறியியல் படித்தவன். பிறந்தது பேராக் தோட்டம். 2011-இல் மலேசிய அணுமின் கழகத்தை அரசாங்கம் அமைத்தது. முதல் நிலையம் 2021-இல் ஓடும் என்று பேசினார்கள். ஆனால் 2011 மார்ச்சிலேயே ஜப்பானில் புகுஷிமா அணு உலை விபத்து நடந்தது. பேச்சு மெதுவானது. 2018-இல் அரசாங்கம் மாறியதும் பிரதமர் மகாதீர் மலேசியாவுக்கு அணுமின்சாரம் வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்தக் கழகமும் மூடப்பட்டது. என்னோடு படித்தவர்கள் எண்ணெய்க் குழாய்ச் சோதனை, சில்லுத் தொழிற்சாலை, காப்புறுதி விற்பனை என்று சிதறினார்கள். நான் தினமும் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறேன். நியூட்ரான் பரவல் கணக்கைக் கடைசியாக எப்போது போட்டேன் என்று நினைவில்லை.

மகாதீர் எடுத்த முடிவு தவறு என்று நான் சொல்ல வரவில்லை. பிலிப்பைன்ஸ் பத்தானில் 621 மெகாவாட் உலையைக் கட்டி முடித்து, எரிபொருள் வைக்காமலேயே விட்டு, 2007 வரை கடனைக் கட்டினார்கள். அந்த நிலைக்கு வராமல் நின்றது நல்லதுதான். என் வருத்தம் வேறு. நிலையம் வேண்டாம் என்று முடிவெடுத்த நாளில், படித்து முடித்த பிள்ளைகளுக்கு என்ன வழி என்று எந்த மேசையிலும் பேச்சு எழவில்லை. மின் நிலையத்தோடு ஆராய்ச்சியையும் ஆட்களையும் ஒரே முடிச்சாகப் போட்டிருந்தார்கள். அது அவிழ்ந்தபோது எல்லாம் சேர்ந்து விழுந்தது.

இந்தியாவில் அணு விஞ்ஞானி ஹோமி பாபா 1945-இலேயே டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். சுதந்திரம்கூட வரவில்லை. 1957-இல் பயிற்சிப்பள்ளி. கல்பாக்கத்தில் முதல் அலகு ஓடியது 1983-இல். கல்பாக்கத்தில் மின்சாரம் வருவதற்குக் கால் நூற்றாண்டு முன்பே ஆள் தயாரிப்பு நடந்துகொண்டிருந்தது. அந்த நாட்டின் திட்டத்தில் எனக்கு ஒப்பாத விஷயங்கள் நிறைய உண்டு, கூடங்குளத்தில் மீனவர்களை நடத்திய விதம் உட்பட. ஆனால் ஆள் தயாரிப்பில் அவர்களிடம் இருந்த பொறுமை நமக்கு வேண்டும்.

எனவே கடிதத்தில் இதைச் சேருங்கள்: நிலையம் கட்டினாலும் கட்டாவிட்டாலும் ஆராய்ச்சி நிதி குறைந்தது பத்தாண்டுக்கு உறுதியாக இருக்க வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை அமைச்சர் மாறினால் ஆய்வுக்கூடம் பூட்டப்படக் கூடாது.

---

பூசிங்_லெட்சுமி | திங்கள், காலை 6:15

பாலன், உங்கள் வலி புரிகிறது. பத்தாண்டு நிதி என்றால் எனக்கும் சம்மதம்தான். ஆனால் என் கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை. ஆராய்ச்சி நடத்துகிற முகமையும் உரிமம் கொடுக்கிற துறையும் அறிவியல் தொழில்நுட்ப அமைச்சு என்ற ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. பல்கலைக்கழகத்துக்கு மானியம் வருவதும் அங்கிருந்தே என்றால், நாளை அந்தப் பேராசிரியர் "இந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்காதீர்கள்" என்று சொல்லத் துணிவாரா? சொன்னால் அடுத்த மானியம் கிடைக்குமா?

இன்னொன்று. அளந்தால் அதை வெளியிட வேண்டும். கிணற்றுக்காரரிடம் நேராகக் கொடுக்க வேண்டும். மலாய், தமிழ், சீனம் மூன்றிலும்.

---

பாங்கி_தம்பி | திங்கள், காலை 8:30

அக்கா, வெளியிடுவதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு, மறைக்காமல் சொல்கிறேன். வெறும் எண்ணை மட்டும் கொடுத்தால் மக்கள் பதறிப்போவார்கள். கிந்தாவில் இயற்கையிலேயே அதிகம் என்றேன். அந்த எண்ணைப் பார்த்துவிட்டுக் கிணற்றை மூடிவிட்டு, கிருமி உள்ள ஆற்றுத் தண்ணீரைக் குடித்தால் என்ன ஆகும்? விளக்கத்தோடுதான் கொடுக்க வேண்டும்.

---

பூசிங்_லெட்சுமி | திங்கள், காலை 8:52

தம்பி, விளக்கத்தோடு கொடுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் "மக்கள் பதறுவார்கள்" என்பதைத்தான் 1984-இலும் சொன்னார்கள். பாப்பானில் மறியலில் நின்றவர்கள் பதறி நிற்கவில்லை. குழியைப் போய்ப் பார்த்துவிட்டு நின்றார்கள். எண்ணை எங்கள் கையில் கொடுங்கள். புரியாவிட்டால் கேட்போம். கேட்கும்போது பதில் சொல்ல ஆள் இருந்தால் போதும். அந்த ஆள் நீங்களாக இருந்தால் எனக்கு இன்னும் நல்லது.

---

பாங்கி_தம்பி | திங்கள், காலை 9:10

சரி அக்கா. ஒப்புக்கொள்கிறேன். பொது நூலகத்திலோ பள்ளி மண்டபத்திலோ ஆண்டுக்கொருமுறை ஆய்வாளரே வந்து நேரில் விளக்க வேண்டும் என்பதை மானிய நிபந்தனையாக வைத்தால் நானே வருவேன். சம்பளம் பற்றிய உங்கள் கேள்விக்கு என் யோசனை: அளவீட்டு, உடல்நல ஆய்வுகளுக்கான பங்கைச் சுகாதார அமைச்சு வழியாகக் கொடுக்கலாம். தேர்வுக் குழுவில் வெளிநாட்டு மதிப்பீட்டாளர்களும் இருக்கட்டும். முழுச் சுதந்திரம் என்று சொல்ல மாட்டேன். இப்போதிருப்பதைவிட நல்லது.

---

கமுனிங்_செல்வம் | திங்கள், இரவு 9:30

எல்லாருக்கும் நன்றி. கடிதத்தை எழுதிப் பார்த்தேன். கீழே போடுகிறேன், வெட்டலாம், திருத்தலாம்.

"சுங்கை சிப்புட் வட்டாரப் பொதுமக்களாகிய நாங்கள் எழுதிக்கொள்வது. பல்கலைக்கழகங்களில் அணுசக்தி ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்குவதை நாங்கள் எதிர்க்கவில்லை. தோட்டத் தொழிலாளர்கள் வெட்டிய பாலின் செஸ் வரியில் ரப்பர் ஆராய்ச்சி வளர்ந்ததை அறிந்தவர்கள் நாங்கள். அந்த ஆராய்ச்சியில் எங்கள் உடல்நலத்துக்கு இடம் இல்லாமல் போனதையும் அறிந்தவர்கள். எனவே புதிய நிதியில் ஒரு பங்கை, நிலையம் எதுவும் கட்டத் தொடங்கும் முன்பே, மண், நீர், உணவு ஆகியவற்றில் கதிர்வீச்சை அளக்கவும் மக்கள் உடல்நலத்தை நீண்டகாலம் தொடர்ந்து பதிவு செய்யவும் ஒதுக்க வேண்டும். அந்தப் பங்கு சுகாதார அமைச்சு வழியாக வர வேண்டும். பேராக்கில் ஓர் அளவீட்டு ஆய்வுக்கூடம் வேண்டும். குடியிருப்பாளர் எவரும் தம் கிணற்று நீரையோ தோட்டத்து மண்ணையோ கட்டணமின்றிக் கொடுத்துச் சோதிக்க முடிய வேண்டும். முடிவு மூன்று மொழிகளில், விளக்கத்தோடு, கொடுத்தவர் கையில் வர வேண்டும். நிதி பத்தாண்டுக்கு உறுதியாக இருக்க வேண்டும், மின் நிலையத் திட்டம் நின்றாலும் நிற்கக் கூடாது. தோட்டப்புற இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்குப் படிவம் நான்கு முதல் உபகாரச் சம்பளம் வேண்டும்."

---

எல்பில்_மாரிமுத்து | திங்கள், இரவு 10:02

அண்ணே, படிச்சேன். ஒரு வரி குறையுது. புக்கிட் மேரா பேரு கடிதத்துல இல்ல. அதைப் போடாம எப்படி? அதோட, வெளிக்காட்டுல மருந்து அடிச்சவங்கள்ல இன்னிக்கு உயிரோட இருக்குறவங்களையும் அந்த உடல்நலப் பதிவுல சேர்க்கணும்னு எழுதுங்க. அணு இல்லன்னு சொல்வாங்க. ஆனா ரத்தம் எடுத்துப் பார்க்குற ஆய்வுக்கூடம் ஒண்ணு வந்தா அதுல அவங்களுக்கும் பார்க்கலாம்தானே? இது ரெண்டும் வந்தா நான் கையெழுத்து மட்டும் போட மாட்டேன், பழைய தோட்டத்துக் குடும்பங்கள் எல்லார்கிட்டயும் நானே நடந்து வாங்கிட்டு வர்றேன்.

---

ஓய்வுபெற்ற_டிரசர் | திங்கள், இரவு 10:20

மாரிமுத்து சொல்வது சரி. என் பழைய குறிப்புப் புத்தகங்கள் சில வீட்டில் இருக்கின்றன. எந்தத் தோட்டத்தில் யார் மருந்து அடித்தார்கள் என்று என்னால் சொல்ல முடியும். பெயரை வெளியில் போடாமல், சம்மதம் கேட்டு, ஒவ்வொரு வீடாக வருகிறேன்.

---

கமுனிங்_செல்வம் | திங்கள், இரவு 10:47

இரண்டையும் சேர்த்துவிட்டேன். புக்கிட் மேரா வரியை லெட்சுமி அக்கா எழுதிக் கொடுத்தால் நல்லது. அங்கே வளர்ந்தவர் அவர். மலாய் மொழிபெயர்ப்பு யார் செய்வது?

---

கோலகங்சார்_ஆசிரியை | செவ்வாய், காலை 6:40

மலாய் நான் பார்த்துக்கொள்கிறேன். என் ஆறாம் படிவ மாணவிகள் இருவர் உடன் உழைக்கிறார்கள். பாங்கி தம்பி கலைச்சொற்களைச் சரிபார்த்துக் கொடுக்கவும், வியாழனுக்குள்.

---

பூசிங்_லெட்சுமி | செவ்வாய், காலை 7:05

என் வரி இதோ: "1982 முதல் 1994 வரை புக்கிட் மேராவில் அருமண் ஆலை ஓடியது. அதன் தோரியக் கழிவின் அரை ஆயுள் சுமார் 1,400 கோடி ஆண்டு. அதைக் காக்கும் பொறுப்பும், அதன் பக்கத்தில் வாழ்வோரின் நீரையும் உடலையும் அளந்து சொல்லும் பொறுப்பும் இந்த நிதியிலிருந்தே தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்." இதில் ஒரு சொல்லையும் மென்மையாக்க வேண்டாம் அண்ணே. வெள்ளிக்கிழமை சேவை மையத்துக்கு நானும் வருகிறேன். என் கையெழுத்து முதல் பக்கத்தில் இருக்கட்டும்.